செம்பூர் ஃபிளாட்டுக்கு முதல் டிரம் செட்: எதை வாங்குவது, எதற்குச் செலவழிப்பது

மும்பை செம்பூரில், ஒரு ஹவுசிங் சொசைட்டியின் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஒரு தந்தை கேட்டிருப்பது இது. மூன்று ஆண்டுகளாக மிருதங்கம் கற்றுவரும் அவருடைய பன்னிரண்டு வயது மகள், இப்போது டிரம்ஸும் கற்க வேண்டும் என்கிறாள். அவர் ஒதுக்கியிருக்கும் தொகை 40,000 ரூபாய். கடைக்காரர் 18,000 ரூபாயில் ஒரு ஜூனியர் செட்டைக் காட்டி, பழகுவதற்கு இது போதும் என்கிறார். அலுவலக நண்பர் எலெக்ட்ரானிக் செட்தான் வாங்க வேண்டும் என்கிறார். மிருதங்க ஆசிரியரோ, ஸ்டிக் பிடித்தால் பிள்ளையின் கை கெட்டுவிடும் என்று தயங்குகிறார். எதை வாங்குவது, மிருதங்கத்தை என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூனியர் செட் வேண்டாம். உங்கள் வீட்டு நிலைமையில், மின்சாரம் இன்றி நேரடியாக ஒலிக்கும் வழக்கமான டிரம்களான அகூஸ்டிக் செட்டும் இப்போதைக்கு வேண்டாம். ஸ்னேர் (முழங்கால்களுக்கு நடுவே வைக்கும் முதன்மை டிரம்) பேடிலாவது மெஷ் ஹெட் (வலைத்துணியால் ஆன மேல்பரப்பு) பொருத்திய, அசல் கிக் பெடல் (காலால் மிதித்து கிக் டிரம்மை அடிக்கும் மிதி) கொண்ட, ஒருவர் பயன்படுத்தி விற்கும் எலெக்ட்ரானிக் செட்டைத் தேடுங்கள். மீதிப் பணத்தை ஸ்டூல், ஹெட்போன், அதிர்வைத் தடுக்கும் மேடை, மாதத்தில் சில மணி நேரம் ஸ்டுடியோவில் உண்மையான செட்டில் வாசிப்பது ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். முதல் செட்டைத் தேர்ந்தெடுப்பதில் பிராண்டைவிட வீடு பெரிது. டிரம்களின் எண்ணிக்கையைவிட, வாசிப்பவரின் கையும் காலும் இடுப்பும் தொடுகிற பொருள்களின் தரம் பெரிது.

வீட்டைப் பற்றி முதலில் பேசுவோம். அகூஸ்டிக் டிரம் செட்டைச் சாதாரண வேகத்தில் வாசித்தாலே அறைக்குள் ஒலி 100 டெசிபலைத் தாண்டிவிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மதியம் 2 முதல் 4 வரை சுவரில் ஆணி அடிக்கக்கூடப் பல சொசைட்டிகள் அனுமதிப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். கணபதி உற்சவத்தில் பத்து நாள் டோல் தாஷா மேளத்தைப் பொறுத்துக்கொள்கிற அதே கட்டடம், ஒரு குழந்தையின் கிக் டிரம்மை இரண்டாம் நாளே செக்ரட்டரியிடம் புகாராகக் கொண்டுபோகும். ஒரு முறை புகார் வந்துவிட்டால், பிறகு எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் குழந்தை அச்சத்தோடுதான் உட்காரும். பயிற்சி நின்றுபோவதற்குச் சோம்பலைவிட இந்த அச்சமே காரணமாக இருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இடமும் கணக்கில் வர வேண்டும். ஐந்து டிரம் கொண்ட அகூஸ்டிக் செட்டுக்கு, ஸ்டூலும் சிம்பல் (உலோகத் தாளத்தட்டு) ஸ்டாண்டுகளும் சேர்த்து, குறைந்தது ஐந்துக்கு ஆறு அடி வேண்டும். பத்துக்குப் பத்து படுக்கையறையில் கட்டிலைப் போட்டபின் அது கிடைக்காது. எலெக்ட்ரானிக் செட் ஏறக்குறைய நான்குக்கு நான்கு அடியில் அடங்கும். விருந்தினர் வந்தால் பேடுகளைத் தாங்கும் ரேக்கை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிடலாம்.

இனி ஜூனியர் செட். இவை ஐந்து முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளுக்கென்று செய்யப்படுபவை. கிக் டிரம் 16 அங்குலத்தில் இருக்கும், ஸ்டூல் தாழ்வாக இருக்கும், சிம்பல்கள் தகரத்தட்டின் ஒலியையே தரும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஓராண்டுக்குள் முழங்கால் ஸ்னேரில் இடிக்கத் தொடங்கும். அதைவிடப் பெரிய குறை பெடல். விலை குறைந்த ஜூனியர் செட்டின் பெடலை அழுத்தினால், அதன் நுனியில் உள்ள சுத்தி போன்ற பீட்டர் தோலை அடித்துவிட்டுத் தானாகத் திரும்பி வராமல் சோம்பிப் படுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்டக் குழந்தை காலை முழுதாகத் தூக்கித் தூக்கி மிதிக்கப் பழகிவிடும். பின்னாளில் நல்ல பெடல் கிடைத்தாலும் அந்தப் பழக்கத்தை மாற்ற மாதக்கணக்கில் ஆகும். சிறிய செட் என்பதால் சத்தமும் சிறியதாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் நடப்பதில்லை. ஸ்னேரும் சிம்பலும் எந்த அளவில் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

பெரியவர்களுக்கான புதிய அகூஸ்டிக் செட்களைப் பொறுத்தவரை, யமஹா ரைடீன், பேர்ல் ரோட்ஷோ, டாமா இம்பீரியல்ஸ்டார் ஆகியவை தொடக்கநிலையில் நம்பத்தக்கவை. மூன்றின் ஷெல்லும் (டிரம்மின் உருளை உடல்) பாப்லர் மரத்தில் செய்யப்பட்டவை. ஆனால் இப்படிப்பட்ட செட்கள் சிம்பல், ஸ்டாண்டு, ஸ்டூல் எல்லாம் சேரும்போது 50,000 ரூபாயை எளிதாகத் தாண்டிவிடும். கடையின் விலைச்சீட்டில் ஷெல் பேக் என்று எழுதியிருந்தால் அதில் சிம்பலும் ஸ்டாண்டும் இல்லை என்று பொருள். இதைக் கவனிக்காமல் முன்பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

ஆகவே எலெக்ட்ரானிக். ரோலண்ட் நிறுவனம் 1997இல் வி-டிரம்ஸ் வரிசையில் மெஷ் ஹெட்டைக் கொண்டுவந்தபின், எலெக்ட்ரானிக் பேட் என்றால் ரப்பர் பலகை என்ற நிலை மாறியது. மெஷ் என்பது இறுக்கிக் கட்டிய வலைத்துணி. ஸ்டிக் அதில் பட்டு எழும்புவது தோலை ஓரளவு ஒத்திருக்கும், அதைத் தளர்த்தவும் இறுக்கவும் முடியும், அறைக்குள் கேட்கும் சத்தமும் குறைவு. ரப்பர் பேட் மணிக்கட்டுக்குக் கடினமாக இருக்கும். ‘டக் டக்’ என்ற ஓசை சுவர் தாண்டிக் கேட்கும். டாம்களில் (ஸ்னேரைச் சுற்றியுள்ள மற்ற டிரம்கள்) ரப்பர் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், ஸ்னேரில் கூடாது. பயிற்சியின் பெரும்பகுதி ஸ்னேரில்தான் நடக்கிறது.

இந்த விலை மட்டத்தில் அலெசிஸ் நைட்ரோ மெஷ், அதன்பின் 2023இல் வந்த நைட்ரோ மேக்ஸ் ஆகியவற்றில் ஸ்னேர், டாம் பேடுகளில் மெஷ் உண்டு. நைட்ரோ மேக்ஸின் ஸ்னேர் பேட் 10 அங்குலம். யமஹா டிடிஎக்ஸ்402 வரிசையின் மாட்யூலில் (ஒலியை உண்டாக்கும் பெட்டி) பயிற்சிக்கான வசதிகள் நன்றாக அமைந்திருக்கின்றன, ஆனால் பேடுகள் ரப்பர். அதன் தொடக்க மாடலில் கிக்குக்குப் பீட்டரே கிடையாது. காலடியில் ஒரு சுவிட்ச் போன்ற பெடல் மட்டும் இருக்கும். பீட்டர் இல்லாத பெடல் கீழ்வீட்டாருக்கு நல்லது, கற்பவரின் காலுக்கு அவ்வளவு நல்லதல்ல. பீட்டர் போய்த் திரும்புகிற எடையைக் கால் உணர்ந்தால்தான் பிறகு உண்மையான செட்டில் தடுமாறாது. உங்கள் மகளுக்கு நான் பரிந்துரைப்பது, சிறிய கோபுரம் போன்ற கிக் பேடும் அதை அடிக்கும் அசல் பெடலும் உள்ள செட்.

எலெக்ட்ரானிக் செட் வாங்கியவர்கள் ஏமாறும் இடமும் அந்தக் கிக்தான். ஹெட்போன் போட்டுவிட்டால் சத்தமே வராது என்று நம்பி வாங்குவார்கள். ஒரு வாரத்தில் முதல் மாடியில் இருப்பவர் மேலே வந்து கதவைத் தட்டுவார். அவருக்குக் காற்று வழியாக எதுவும் கேட்பதில்லை. பெடலின் ஒவ்வொரு மிதியும் தரை வழியாக அவர் வீட்டுக் கூரைக்குப் போய், அங்கே ‘தும் தும்’ என்று இறங்குகிறது. தடித்த கம்பளம் போட்டாலும் இது பெரிதாகக் குறையாது. தரைக்கும் செட்டுக்கும் இடையே நெகிழ்கிற ஒன்று வேண்டும். அதற்கு உலகெங்கும் டிரம்மர்கள் கையாளும் மலிவான வழி டென்னிஸ் பந்து மேடை.

இதைச் செய்வது எளிது. எட்டுக்கு நான்கு அடி அளவுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஷீட் ஒன்றை வாங்கி, நடுவில் அறுக்கச் சொன்னால், நான்குக்கு நான்கு அடியில் இரண்டு பலகைகள் கிடைக்கும். கீழ்ப்பலகையில் ஏறக்குறைய ஓரடி இடைவெளியில் 5 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வட்டத் துளைகளைத் தச்சரை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். டென்னிஸ் பந்தின் விட்டம் ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் என்பதால், பந்து துளையில் சிறிது அமிழ்ந்து உருளாமல் நிற்கும். அதன்மேல் இரண்டாம் பலகையை வைத்து, அதன்மீது பழைய கம்பளத்தை விரித்துச் செட்டை நிறுத்த வேண்டும். கிக் கோபுரமும் பெடலும் வரும் இடத்திலும், ரேக்கின் கால்கள் வரும் இடத்திலும் பந்துகளைச் சற்று நெருக்கமாக வையுங்கள். மேல்பலகையின் விளிம்பு சுவரையோ கட்டிலையோ தொடக்கூடாது. தொட்டால் அதிர்வு அந்த வழியாகப் போய்விடும். மேடை மூன்றரை அங்குலம் வரை உயரும் என்பதால், ஸ்டூல் மேடைக்கு வெளியே நின்றால் அதையும் அந்த அளவுக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும். விளையாடித் தேய்ந்த பந்துகளே போதும். பக்கத்து கிளப்பில் கேட்டால் சும்மாவே தருவார்கள். செலவு முழுக்க மரத்துக்கும் தச்சர் கூலிக்கும்தான். முடிந்தால், வாங்கிய முதல் நாளே கீழ்வீட்டாரை அழைத்து, மகள் வாசிக்கும்போது அவர்கள் வீட்டில் நீங்கள் நின்று கேட்டுப் பாருங்கள். கேட்கும் அளவு உங்களுக்கும் தெரியும். தங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே செய்துவிட்டார்கள் என்ற மனக்குறை அவர்களுக்கும் இருக்காது.

பயன்படுத்திய எலெக்ட்ரானிக் செட் மும்பையில் கிடைப்பது அரிதன்று. வேறு ஊருக்கு மாறுகிறவர்களும், பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டதால் விற்கிற பெற்றோரும் ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் விளம்பரம் செய்கிறார்கள். பார்க்கப் போகும்போது உங்கள் சொந்த ஹெட்போனைக் கொண்டுபோங்கள். ஸ்னேரில் மிக மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக ஓங்கி அடித்துப் பாருங்கள். மெல்லிய அடிகள் பதிவாகாமல் விழுங்கப்பட்டாலோ, நடுவில் மட்டும் ஒலி திடீரென்று உரக்க வந்தாலோ சென்சாரில் குறை இருக்கிறது. ஒரு டாமை ஓங்கி அடிக்கும்போது அடிக்காத சிம்பல் ஒலித்தால், அதை மாட்யூலின் அமைப்பில் சரிசெய்ய முடிகிறதா என்று விற்பவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பல்) பெடலை முழுதும் மூடி, பாதி திறந்து, முழுதும் திறந்து வாசித்தால் மூன்று வேறு ஒலிகள் வர வேண்டும். கேபிள் செருகும் ஒவ்வொரு இடத்தையும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஹெட்போன் துளையில் பின்னைத் திருப்பும்போது கரகரத்தால் விலையைக் குறைக்கக் காரணம் கிடைத்துவிட்டது. ரேக்கின் பிளாஸ்டிக் கிளாம்புகளில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடாப்டர் அந்தச் செட்டோடு வந்ததுதானா என்றும் கேளுங்கள். வேறு வோல்டேஜ் அடாப்டரால் மாட்யூல் போய்விட்டால் செட்டில் பாதி மதிப்பு போயிற்று.

விற்பவர் வீட்டுக்குப் போகுமுன், உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு தோபி தலாவில் உள்ள ஃபர்ட்டாடோஸ் போன்ற ஒரு பெரிய கடைக்குப் போய்வருவது நல்லது. 1865இல் தொடங்கிய அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. புதிய செட்களின் இன்றைய விலை எவ்வளவு, மெஷ்ஷுக்கும் ரப்பருக்கும் கைக்கு என்ன வேறுபாடு, எந்த உயரத்தில் உட்கார்ந்தால் வசதி என்பவற்றை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். புதிய விலை தெரியாமல் பழைய பொருளுக்குப் பேரம் பேச முடியாது. காட்சிக்கு வைத்த செட்டைக் குறைத்துக் கொடுப்பார்களா என்றும் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

செலவைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம். பழைய செட்டுக்கு 25,000 வரை. நல்ல ஸ்டூலுக்கு 4,000. இதில் கஞ்சத்தனம் வேண்டாம், ஏனென்றால் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்தால் இரண்டு கால்களையும் தனித்தனியே இயக்க முடியாது, முதுகும் வலிக்கும். தொடை இடுப்பிலிருந்து முழங்காலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும் உயரமே சரியானது. காதை முழுதும் மூடுகிற ஹெட்போனுக்கு 3,000. சிறிய இயர்ஃபோன் போட்டால் பேடுகளின் தட்டல் ஒலியை மீறிக் கேட்கக் குழந்தை ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போவாள். மேடைக்கு 3,000. ஸ்டிக், பிராக்டிஸ் பேட் இரண்டுக்கும் 2,500. மிச்சம் இருப்பதை ஸ்டுடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புறநகர்களில் ஜாம் பேட் என்று அழைக்கப்படும் பயிற்சி அறைகள் மணிக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மாதம் இரு முறையாவது அங்கே உண்மையான செட்டில் வாசித்தால்தான், சிம்பல் எவ்வளவு உரக்க ஒலிக்கும், எங்கே கையை அடக்க வேண்டும் என்பது பழகும். எலெக்ட்ரானிக்கில் மட்டுமே வளர்ந்தவர்கள் கச்சேரி மேடையில் எல்லாவற்றையும் ஒரே பலத்தில் அடிப்பதற்கு இந்தப் பழக்கம் இல்லாததே காரணம். ஸ்டுடியோவுக்குப் போகும்போது காதடைப்பான் கட்டாயம். 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் பாதுகாப்பின்றி இருப்பது செவிக்குக் கேடு.

செட்டைத் தேடி முடிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதுவரை பிராக்டிஸ் பேடும் ஒரு ஜோடி ஸ்டிக்கும் போதும். பன்னிரண்டு வயதுக் கைக்கு 7ஏ என்ற மெல்லிய ஸ்டிக் பொருந்தும். கை வளர்ந்தபின் சற்றுத் தடித்த 5ஏக்கு மாறலாம். கடையில் ஸ்டிக்கை மேசைமேல் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் துள்ளும். இரண்டையும் மேசையில் தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மிருதங்கம் பழகிய காதுக்கு அந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

தனி வீட்டிலோ, கீழ்த்தளத்தில் ஒட்டிய அண்டை வீடு இல்லாமலோ இருக்கும் வாசகர்களுக்கு ஒரு சொல். டோம்பிவிலி, பன்வேல் பக்கம் அப்படி இருப்பவர்கள் பயன்படுத்திய அகூஸ்டிக் செட்டையே தேடலாம். ஷெல்லின் மேல்பூச்சில் கீறல் இருந்தால் பரவாயில்லை. ஒரு ஹெட்டைக் கழற்றச் சொல்லி, தோல் அமரும் மர விளிம்பில் பள்ளமோ பிளவோ இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஷெல்லைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்தால் வெளிச்சம் ஓரிடத்தில் மட்டும் ஒழுகக் கூடாது. ஹெட் பழையதாக இருப்பது குறையே அல்ல, அது மாற்றவேண்டிய பொருள். புதிய ரெமோ அல்லது எவன்ஸ் ஹெட் போட்டுச் சுருதி கூட்டினால் சாதாரண பாப்லர் செட்டும் நன்றாகவே பேசும். சிம்பலில் மட்டும் கவனம் வேண்டும். விலை குறைந்தவை பித்தளையில் செய்யப்படுகின்றன. மைனல் எச்சிஎஸ், சேபியன் எஸ்பிஆர் ஆகியவை அந்த வகை. அடுத்த படியில் வருபவை வெண்கலச் சிம்பல்கள்: பி8 என்பது 8 விழுக்காடு வெள்ளீயம் கலந்த வெண்கலம், பி20 என்பது 20 விழுக்காடு. பித்தளை ஹை-ஹாட்டில் தொடங்கினால் தவறில்லை. ஆனால் பழைய சிம்பல் வாங்கும்போது விளிம்பை நகத்தால் சுற்றி வருடிப் பாருங்கள். நகம் தட்டும் இடத்தில் விரிசல் தொடங்கியிருக்கிறது. நடுத்துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தாலும் வேண்டாம்.

மழைக்காலம் எல்லாருக்கும் பொது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரின் காற்றில் ஸ்னேர் கம்பிகளும் பெடலின் சங்கிலியும் துருப்பிடிக்கும். தையல் இயந்திர எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு மாதம் ஒருமுறை துடையுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பழைய பருத்திப் படுக்கைவிரிப்பு நல்லது.

இனி மிருதங்க ஆசிரியரின் தயக்கத்துக்கு வருவோம். அது அடிப்படை இல்லாதது அல்ல. ஸ்டிக்கை முஷ்டியில் இறுகப் பிடித்து ஓங்கி அடித்தால் மணிக்கட்டு விறைத்துவிடும். அந்தக் கையோடு மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விரல் வேகம் வராது. ஆனால் ஸ்டிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தளர்வாகப் பிடித்து, அது தானாக எழும்புவதை விரல்களால் வாங்கிக்கொள்வதே டிரம்ஸின் முதல் பாடம். அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தால் கை கெடாது. மறுபக்கம், மூன்று ஆண்டு மிருதங்கம் பயின்ற பிள்ளை காலப்பிரமாணத்தையும் (சீரான வேகம்) சொற்கட்டையும் (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) ஏற்கெனவே கொண்டுவருகிறாள். மற்றவர்கள் சீராகத் தட்டும் கருவியான மெட்ரோனோமோடு போராடிப் பெறுவது இது. அவளுக்குப் புதியவை கால்கள் மட்டும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் இடக்காலால் ஹை-ஹாட் பெடலில் மிதித்தபடி, வாயால் சொற்கட்டைச் சொல்லி, அதன் ‘த’ விழும் இடங்களில் மட்டும் வலக்காலால் கிக்கை மிதிக்கச் சொல்லுங்கள். தகதிமி எளிதில் வந்துவிடும். அதே தாளத்தில் தகிட சொல்லும்போது கால் குழம்பும். சில வாரங்களுக்கு அவளுக்கு வேண்டிய பாடம் அந்தக் குழப்பத்திலேயே இருக்கிறது.

இரண்டையும் ஒரே நாளில் பயிற்சி செய்தால் மிருதங்கத்தை முதலில் வைத்துக்கொண்டு, சற்று இடைவெளி விட்டுப் பிறகு ஸ்டிக்கை எடுக்கட்டும். அவளுடைய டிரம்ஸ் ஆசிரியரிடம் மிருதங்கம் கற்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து, அவள் ஸ்டிக் பிடிக்கும் விதத்தை மிருதங்க ஆசிரியருக்கும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கை இறுகுகிறதா என்று அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.